யாரும் காட்டாத சுங்கை பட்டாணி

டின் பாலைத் தண்ணீரில் கரைத்து வெயிலில் வைத்தால் மத்தியானத்துக்குள் திரிந்து ஒரு நாற்றம் எடுக்கும். பாதி புளிப்பு, பாதி இனிப்பு. அந்த நாற்றத்தை நான் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்று முகர்ந்திருக்கிறேன். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கக் கம்பியில் கட்டித் தொங்கவிடும் சிறு கிண்ணத்தை நாங்கள் மங்கு என்போம். மங்கில் இருக்கவேண்டியது மரத்தில் வடிந்த கித்தாப் பால். அன்று அதில் இருந்தது மளிகைக் கடையில் வாங்கிய டின் பால். மரப்பட்டையில் எறும்புகள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. முந்தி வந்தவை மங்குக்குள் செத்து மிதந்தன. எனக்குக் குமட்டியது எறும்பைப் பார்த்து அல்ல. அந்த மங்கைச் சுட்டிக்காட்டி, "இன்று காலை வெட்டிய பால் இது, இன்னும் உறையவில்லை" என்று பன்னிரண்டு பேருக்கு அழகான ஆங்கிலத்தில் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தவள் நான்.

அந்தப் பாலை ஊற்றியவரை எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் வேன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கியவர். பீடோங்கிலிருந்தும் திகாம் பத்துவிலிருந்தும் சுங்கை பட்டாணியின் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் எங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் கொட்டுவார். ஷிப்ட் முடியும்வரை அவருக்கு வேலையில்லை. மற்ற வேன்காரர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் இறங்கி நடப்பார். கடைவரிசைகளின் பின்பக்கம், ஆற்றங்கரை, ரயில் பாதையோரம், பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குகள் என்று எங்கும் போய்வருவார். மாலையில் எங்களை ஏற்றும்போது அன்று பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டுவார். அவருக்குக் கண் இருந்தது. இத்தனை வெறுப்போடு இதை எழுதும்போதும் அதை மட்டும் மறுக்க என்னால் முடியவில்லை.

தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அதே மாதத்தில் எனக்கும் வேலை போனது, அவர் வேனுக்கும் ஓட்டம் போனது. ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, உனக்கு மூணு பாஷையும் வாயில நிக்குது. எனக்கு ஊரு தெரியும். பினாங்குக்கு வந்துட்டு வடக்கே போற ஜனம் பூரா சுங்கை பட்டாணியத் தாண்டித்தான் போகுது. ஒரு ஆளும் இறங்குறதில்ல. நாம இறக்குவோம்லா," என்றார். வேனின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார். 'யாரும் காட்டாத சுங்கை பட்டாணி' என்று தமிழிலும், கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும். வாசகம் அவருடையது. பிழை திருத்தியது நான்.

முதல் மாதங்கள் நன்றாகவே இருந்தன. கெடா மாநிலத்திலேயே பெரிய பட்டணம் இது. ஆனாலும் கடிகாரக் கோபுரத்தைத் தவிர இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர் ஒரு துணிக்கடையின் பின்பக்க இரும்புப் படியில் எல்லாரையும் ஏற்றி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். மழை பெய்து ஓய்ந்திருந்தால் ஜெராய் மலை அங்கிருந்து முழுசாகத் தெரியும். கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே, கழுவி வைத்தது போல் இருக்கும். கடைவீடுகளின் மேல்தளங்களில் சன்னலை அடைத்து, கூட்டை எடுத்து விற்பதற்காகக் குருவி வளர்க்கிறார்களே, அந்தச் சந்துக்குள் கூட்டிப்போய்க் கண்ணை மூடச் சொல்வார். ஆயிரம் குருவிகள் கத்துவது கேட்கும். கண்ணைத் திறந்ததும், அதில் முக்கால்வாசி ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு, குருவியை ஏமாற்றி உள்ளே வரவைக்கும் தந்திரம் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே முனியாண்டி உட்கார்ந்திருப்பார். தோட்டம் இருந்த காலத்துச் சாமி. தோட்டத்தை அழித்துத் தொழிற்சாலை கட்டியவர்கள் சாமியை நகர்த்தப் பயந்து, சுற்றி மஞ்சள் கோடு போட்டு விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் நான் வேலைக்குப் போன வழியில் இருந்த இடம் அது. வேன் அண்ணன் காட்டிய பிறகுதான் நானே நின்று பார்த்தேன்.

வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை, மறைந்து கிடக்கும் ரத்தினம். எனக்கு அந்த வார்த்தை அப்போதே கொஞ்சம் உறுத்தியது. துணிக்கடைக்காரன் தினமும் அந்த மாடியில்தான் துணி காயப்போடுகிறான். அவனுக்கு ஒன்றும் மறைந்து கிடக்கவில்லை. ஆனால் நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். வேலை இருந்ததே போதும் என்றிருந்த நாள்கள் அவை.

பிறகு அவர்கள் வேறொன்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்மையான தோட்டம் எங்கே, உண்மையான தோட்டத்து மக்கள் எங்கே என்றார்கள். ஒருநாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேன் அண்ணன் என்னைக் கேட்டார்: "நீ தோட்டத்துல பொறந்தவதானே. அங்க யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?"

மிச்சம் என்ற சொல் சரியான சொல்தான். பீடோங்கைத் தாண்டி, நான் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது. தோட்டத்துச் சாலையான சடக்கின் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை ரப்பர் மரங்கள், பால் வற்றிப் பட்டை தடித்துப்போய் நின்றன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆறு குடும்பங்கள் இருந்தன. கடைசி வீட்டில் என் அத்தை, அப்பாவின் தங்கை, தனியாக இருந்தார். மாமா இறந்த பிறகும் பட்டணத்து அடுக்குமாடிக்கு வர மறுத்தவர். காரணம் கேட்டால், அங்கே கோழி வளர்க்க விடமாட்டார்கள் என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் பெரிய காரணம் எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்தான் அழைத்துப்போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. போகும் வழியில், வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, அத்தையைப் பற்றி எல்லாவற்றையும் கதையாகச் சொன்னதும் நான்தான். பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு அத்தை பல வருஷம் மருந்தடிக்கும் வேலை செய்தார். களைக்கொல்லி நிரப்பிய தோம்பை முதுகில் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், முகத்தில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு. கசிந்த மருந்து விரல்களில் ஊறி ஊறி நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மறுபடி வளர்ந்தவை நகம் போல இல்லை. காய்ந்த இஞ்சித் தோல் போல மடங்கிக் கிடந்தன. சிலவற்றில் ஒன்றுமே வளரவில்லை. "ஐயோ பாவமே," என்றார் வேன் அண்ணன். ஐந்து நிமிடம் பேசாமல் ஓட்டினார். அவர் வருந்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

முதல் முறை வந்தவர்களுக்கு அத்தை பால் விடாத தேநீர், தே ஓ, கலக்கிக் கொடுத்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தார். அவர்கள் திருப்தியாகப் பசியாறினார்கள், லயத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், கிளம்பினார்கள். இரண்டாம் முறை வருவதற்குள் வேன் அண்ணன் எங்கிருந்தோ பழைய மங்குகளும் பால்மரம் வெட்டும் உளியும், விடியுமுன் இருட்டில் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கும் வாங்கி வந்திருந்தார். பகல் பதினோரு மணிக்கு அத்தையின் நெற்றியில் விளக்கைக் கட்டிவிட்டார். "சும்மா உளிய வச்சுக் கீறுங்க அத்தை, பால் நான் பார்த்துக்கறேன்," என்றார். வந்தவர்கள் லயத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர்ப் போத்தலில் கரைத்து எடுத்துவந்த டின் பாலை மங்கு மங்காக ஊற்றிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் பாதியளவு. முழுசாக ஊற்றினால் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் திரும்பிக்கொண்டேன். பிறகு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மரங்களிடம் போய், என் அப்பாவும் அத்தையும் விடியுமுன் எழுந்து வெட்டிய பாலைப் பற்றி விளக்கினேன். விளக்கம் முழுவதும் உண்மை. கண்ணெதிரே இருந்தது மட்டும் பொய்.

ஒரு முறை, தொப்பி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி மங்குக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டாள். நெற்றி சுருங்கியது. "இனிக்கிறதே," என்றாள். வேன் அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இந்த மண்ணு அப்படி, சொல்லும்மா," என்றார் என்னிடம். நான் சொன்னேன். அவள் கண்களில் நீர் கோர்த்தது. எத்தனை பேர் பட்ட கஷ்டத்திலிருந்து இத்தனை இனிப்பு என்றாள். அதையும் நான் அத்தைக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழி எச்சத்தை மிதித்துவிட்டு, கழுவத் தண்ணீர் இல்லாமல் வீடுவரை நடப்பது போல் இருந்தது, அன்று திரும்பிய வழி முழுவதும்.

இப்படியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வந்தவர்கள் அத்தையின் சமையல்கட்டுக்குள் கேட்காமல் நுழைந்தார்கள். பானைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் படுக்கையறைத் திரைச்சீலையை விலக்கி, காற்றாடியும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருப்பதைக் கண்டு ஏமாந்துபோனார். மறுவாரம் வேன் அண்ணன் அந்தப் பெட்டிமேல் ஒரு சேலையைப் போட்டு மூடினார். பயன்படாத பழைய வரிசைக் கக்கூசுக்கு முன்னால் நின்று இரண்டு பெண்கள் மாறி மாறி ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு கக்கூசில்தான், மழைக்காலத்தில் பாம்பைப் பார்த்துப் பயந்து, நான் அழுதபடி உட்கார்ந்திருந்தேன், ஏழு வயதில். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், படத்தில் விழுகிறீர்கள்," என்றார்கள் என்னிடம். தள்ளி நின்றேன்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வேன் நிறைய ஆள். மங்கு, உளி, தே ஓ எல்லாம் முடிந்து எல்லாரும் வாசலில் நின்றபோது வேன் அண்ணன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், "அத்தை, கையைக் கொஞ்சம் காட்டுங்க," என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் வேன் அண்ணனைப் பார்த்தேன். அவர், "சொல்லும்மா, நீ எனக்குச் சொன்னியே, அந்த மருந்துக் கதை," என்றார்.

அத்தை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்தார். சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள். தொலைபேசிகள் அந்த விரல்களை மொய்த்தன. வெளிச்சம் போதவில்லை என்று ஒருவர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தோம்பு, கசிவு, கறுப்பு, கழன்று விழுதல். என் வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது முன்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி, சற்றுமுன் மங்குக்குள் விரல் விட்டுப் பார்த்தவள், மிகவும் பணிவாக, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன கேக்குது?" என்றார் அத்தை.

"தொட்டுப் பார்க்கலாமான்னு கேக்குறாங்க அத்தை."

அத்தை அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "தொடட்டும். மங்குக்குள்ள விட்ட கையி அது. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லு," என்றார்.

அதை நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தத் தெரியவில்லை. மங்கில் இருப்பது டின் பால், இந்த மரங்களில் பால் வடிந்து பல வருஷம் ஆகிறது, அந்த விளக்கு சுங்கை பட்டாணியில் வாங்கியது, பெட்டிமேல் கிடக்கும் சேலைக்கு அடியில் தொலைக்காட்சி இருக்கிறது, இத்தனை வாரமும் தெரிந்தே பொய் சொன்னேன் என்று, ஒரே மூச்சில், அதே அழகான ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பிறகு ஒருவர் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். பரவாயில்லை, கை உண்மைதானே என்றார் ஒருவர். அந்தப் பெண் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்து நின்றாள். அத்தை கையை நீட்டினார். அவள் தொட்டாள்.

யாராவது கோபப்பட்டிருந்தால், காசைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு வேன் அண்ணன் என் வீட்டுச் சந்தில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. "நீ சொன்னதுல தப்பில்ல தங்கச்சி," என்றார். "ஆனா மொத நாளே சொல்லியிருக்கலாம்லா. அப்ப உனக்கும் வேலை வேணுமா இருந்துச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கினேன். மறுவாரம் அவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க அத்தையிடம் போனேன். அத்தை கோழிக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

"இனிமே அவரு ஆள் கூட்டிட்டு வரமாட்டாரா?" என்று கேட்டார்.

"வந்தா விடாதீங்க அத்தை. உங்க கையை வேடிக்கை காட்டுறாரு."

"காட்டட்டுமே." அரிசிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நகம் விழுந்தப்ப தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்கிட்டப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்தே மாத்திரையத் தூக்கிப் போட்டாரு. வேலை வாங்குற மண்டோரு பார்க்கல. கணக்கு எழுதுற கிராணி பார்க்கல. உங்கப்பன் பார்த்துட்டு, வெளியில சொல்லாத, வேலையிலேருந்து நிப்பாட்டிருவாங்கன்னான். நீ சின்னப் புள்ள, என் கையால சோறு ஊட்டினா வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்குவ. உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா தெரியல. அந்தப் பொண்ணு கழுவிட்டு வந்து தொட்டுச்சு."

எனக்கு ஞாபகம் இருந்தது.

அத்தைக்கு அது பிடித்திருந்தது என்பதால் அது சரியாகிவிட்டது என்று என்னால் எழுத முடியாது. அந்தக் கூட்டத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் என் வெறுப்பை அவர்கள்மேல் மட்டும் கொட்டிவிட்டுக் கையை உதறிக்கொள்ளும் வழியை அத்தை அன்று அடைத்துவிட்டார். வேன் அண்ணன் ஆங்கிலம் தெரிந்த வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேன் லயத்துக்குப் போய்வந்தது. அத்தை டின் பாலை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எறும்பு வருகிறது என்று சொன்னாராம்.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கிளினிக்கின் பதிவு மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். விடுமுறை நாள்களில் கிளினிக்குக்கு எதிர்ச் சாலையில் பெரிய கார்கள் வந்து நிற்கும். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கி, சுவரில் வரைந்த படங்களுக்கு முன்னால் நிற்பார்கள். யாரும் அறியாத இடங்கள் என்று எல்லாருடைய தொலைபேசியிலும் ஒரே பட்டியல் இருக்கிறது. அந்தத் துணிக்கடை மாடியும் அதில் இருக்கிறதாம். கடைக்காரர் இப்போது துணி காயப்போடுவதில்லை. வேன் அண்ணன் சுற்றுலாவை விட்டுவிட்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். பெரிய சுற்றுலாக் கம்பெனிகள் வந்த பிறகு அவருடைய பழைய வேனில் ஏற யாரும் விரும்பவில்லை.

அத்தை சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அன்று காலையிலேயே வேன் அண்ணன் வந்துவிட்டார். தோட்டத்துக்கும் பீடோங்குக்கும் மாறி மாறி ஓடிச் சொந்தக்காரர்களை ஏற்றிவந்தது அவர் வேன்தான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. மாலைபோட்டு வைக்க அத்தையின் படம் ஒன்று தேடினோம். அடையாளக் கார்டில் இருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அதிலும் அத்தை மிரண்டுபோய் விழித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் எத்தனையோ படம் எடுத்திருக்கிறோம். ஒன்றில்கூட அத்தை இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் அவர் அடுப்படியில் இருந்திருக்கிறார்.

வேன் அண்ணன் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார். "வந்தவங்க அனுப்பின படமெல்லாம் என்கிட்ட இருக்கு. வேணும்னா பாரு," என்று தொலைபேசியை நீட்டினார். நூற்றுக்கு மேல் இருந்தன. உளியோடு, விளக்கோடு, தே ஓ தட்டோடு. ஒன்றில் அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, யாரையோ பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் நேரில் பார்த்ததில்லை.

அதை எனக்கு அனுப்பச் சொன்னேன். பீடோங்கில் படம் சட்டம் போடும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். அத்தைக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையை நீட்டி எதையோ காட்டியபடி, வாயைத் திறந்து, யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது நீங்கதானே? நல்லாத்தான் விழுந்திருக்கீங்க. இருக்கட்டுமா, எடுத்துடவா?" என்று கேட்டார்.

எடுத்துவிடுங்கள் என்றேன்.